டிசெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? மெடிக்கல் போர்டு தாளிலிருந்து தீர்ப்பாயம் வரை

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தம் 30 சதவீதம், ஆயுள் முழுவதும் இருக்கும் என்று மெடிக்கல் போர்டே (ராணுவ மருத்துவர்கள் குழு) எழுதிக் கொடுத்தது. ஆனாலும் டிசெபிலிட்டி பென்ஷன் (ஊனத்துக்கான ஓய்வூதியம்) கிடையாது என்று கடிதம் வந்தது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வாதாடியது வக்கீல். தாள் சேர்த்து வரிசைப்படுத்தியது நான். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை), டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்த பதிவுப் புத்தகம்) இரண்டும் தேவை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எதற்காக மறுத்தார்கள்?

இந்தப் பென்ஷனுக்கு இரண்டு நிபந்தனைகள். ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அது பணியால் வந்ததாகவோ, பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். பெரும்பாலான மறுப்புகள் இரண்டாவதில்தான் நடக்கின்றன. ரெக்கார்ட் ஆபீஸ் (வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) கடிதத்தில் 'நானா' (NANA) என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால், பணியால் வரவும் இல்லை, மோசமாகவும் இல்லை என்று பொருள்.

படி 2: மெடிக்கல் போர்டு தாளை வாங்குவது

எங்களை அதிக நாள் இழுத்தடித்தது இதுதான். உங்களுக்குத் தேவை, மெடிக்கல் போர்டு தன் முடிவை எழுதும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 (AFMSF-16) என்ற படிவத்தின் முழு நகல். 'மெடிக்கல் பேப்பர் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பக்கச் சுருக்கம்தான் வரும், எங்களுக்கு அப்படித்தான் வந்தது. எனவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். படிவத்தின் பெயரைச் சொல்லி, எல்லாப் பக்கங்களும் வேண்டும் என்று கேளுங்கள். கூடவே, பணியில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனையின் பதிவையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. ஆன்லைன் மனுவை விட போஸ்டல் ஆர்டரோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புவதே எனக்குப் பிடித்தது. அப்பாவின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் உள்ளே இருந்தால், 'மூன்றாம் நபர் தகவல்' என்று திருப்பி அனுப்ப இடமில்லை.

தாள் வந்ததும் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், காரணம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். அப்பாவின் தாளில் இருந்தது ஒரே வரி: நோய் அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது, களப்பணியோடு தொடர்பில்லை. வேறு விளக்கம் எதுவும் இல்லை.

வழக்கு முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் நடக்கும். நோய் எவ்வளவு கடுமை, வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்று நாலு பக்கம் எழுதிப் பயனில்லை. மருத்துவர்கள் சொன்ன காரணம் நிற்குமா என்பதே கேள்வி.

படி 3: காரணத்துக்குப் பதில்

இந்தப் பென்ஷனுக்கான 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சேரும்போது குறிக்கப்படாத நோய் பிறகு வந்து அதனால் ஒருவர் வெளியேறினால், அது பணிக்காலத்தில் வந்ததாகவே கருத வேண்டும். சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று மருத்துவர்கள் சொன்னால், காரணத்தையும் எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை வீரர் மேல் இல்லை. இதை 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2019-இல் தரம்பீர் சிங் என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. விடுப்பில் இருந்தபோது நடந்த சாலை விபத்து, பணியோடு தொடர்பில்லை என்று வீரருக்கு எதிராக முடிந்த வழக்கு அது. வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து சுற்றுகின்றன. ஆண்டைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். அதே 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் சேரும்போது தென்படாமல் போகலாம் என்று சொல்லி மெடிக்கல் போர்டின் கருத்தையே நீதிமன்றம் ஏற்றது. ஆக, தரம்வீர் சிங் பெயரை எழுதிவிட்டால் ஜெயம் என்று நினைக்க வேண்டாம்.

படி 4: இரண்டு மேல்முறையீடுகள்

முதல் மேல்முறையீடு, மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக. அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது. இரண்டிலும் தாள்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். சுருக்கமாக எழுதுங்கள், நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால் அதையே காரணமாக்கித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், காத்துக்கிடக்கத் தேவையில்லை.

படி 5: ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. சென்னையில் ஒரு கிளை இருக்கிறது. ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டனோ ஜபல்பூரோ நாசிக்கோ, ஓய்வு பெற்றவர் தான் குடியிருக்கும் ஊருக்குரிய கிளையிலேயே மனுச் செய்யலாம். இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கக் கேட்கலாம்.

அமர்வில் இருவர்: நீதித்துறை உறுப்பினர் ஒருவர், படையில் உயர்பதவி வகித்த நிர்வாக உறுப்பினர் ஒருவர். அவர்கள் புதிதாக நோய் பார்ப்பதில்லை. சதவீதத்தை மருத்துவர்களுக்கே விட்டுவிட்டு, காரணம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் மறு மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்கள். தானே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் வக்கீல் வையுங்கள், அதுவும் இந்தத் தீர்ப்பாயத்தில் வழக்கமாக வருபவராக. சிவில் வழக்கில் பெரிய பெயர் எடுத்தவருக்கு இந்த விதிகள் அத்துப்படியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மனுவில் ரவுண்டிங் (ஊன சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடுவது) கோரிக்கையை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். 50-க்குக் கீழ் இருந்தால் 50 சதவீதமாக உயர்த்தும் சலுகை முதலில் உடல்நலக் காரணத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கே தரப்பட்டது. முழுக்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அப்படியானால் 30 சதவீத ஊனத்துக்குச் சம்பளத்தில் 9 சதவீதம் கிடைக்கும், ஊனத்தை 50 ஆக்கினால் 15 சதவீதம். அப்பாவுக்கு வரும் டிசெபிலிட்டி தொகை இந்த ஒரு வரியால் மூன்றில் இரண்டு பங்கு கூடியது.

நிலுவையில் ஆசை வைக்காதீர்கள். தாமதமாகப் போனால், மனுத் தாக்கலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று தீர்ப்பாயம் குறைத்துவிடலாம். 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

உத்தரவு வந்தபின் சான்றிட்ட நகலை ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பி, ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளத்தில் திருத்திய பி.பி.ஓ. வருகிறதா என்று பாருங்கள். இழுத்தடித்தால் உத்தரவை நிறைவேற்றக் கோரி அதே தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்.

பிற்சேர்க்கை: கருத்துரையில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர். உங்களுக்குப் புதிய தகுதி விதிகள் பொருந்தும், மேலே சொன்ன 1982 வாதத்தை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். இன்னொருவர், கணவர் இறந்துவிட்டார், நான் தொடரலாமா என்று கேட்டிருந்தார். தொடரலாம் அம்மா. ஓய்வு பெற்றவரின் வாரிசுகளுக்கும் தீர்ப்பாயச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் பெயரில் தகவல் உரிமை மனுப் போடும்போது இறப்புச் சான்றிதழோடு, குடும்ப ஓய்வூதிய பி.பி.ஓ. நகலையும் இணைத்துவிடுங்கள்.