லில்லி கிளாட்ஸ்டன் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

லில்லி கிளாட்ஸ்டன் அமெரிக்கப் பூர்வகுடி நடிகை. பலரும் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' படத்தில்தான் தொடங்குகிறார்கள். 2024இல் அவருக்கு கோல்டன் குளோப் விருது வாங்கித் தந்த படமாயிற்றே. ஆனால் அதை இரண்டாவதாக வையுங்கள்.

முதலில் ஒரு தாள் எடுத்து, படத்துக்குப் படம் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: பாத்திரம் எந்த இனக்குழு, நடித்தவர் யார், கதை யார் கண் வழியாக நகர்கிறது, கடைசியில் அந்தப் பெண் என்ன ஆகிறாள். நடித்தவர் பூர்வகுடியா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1914இல் வந்த 'தி ஸ்குவா மேன்' படத்தில் நடித்த ரெட் விங், ஹோ-சங்க் இனத்தவர்தான்; ஆனாலும் கதை அவர் பாத்திரத்தைத் தற்கொலை செய்துகொள்ள வைத்தது. 1950இன் 'புரோக்கன் ஆரோ'வில் நாயகனின் அப்பாச்சி இன மனைவியாக வந்தவர் வெள்ளைக்கார டெப்ரா பேஜெட். அந்தப் பாத்திரமும் பிழைக்கவில்லை.

தொடக்கத்துக்கு ஏற்றது 'செர்ட்டன் விமன்' (2016). மூன்று கதைகளில் கடைசிக் கதை, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் பெண்ணுடையது; அவளாக நடிப்பவர் கிளாட்ஸ்டன். அவர் வளர்ந்த பிளாக்ஃபீட் பூர்வகுடிப் பகுதியும் அதே மாநிலம்தான். அந்தப் பெண்ணுக்கு வசனம் குறைவு. பூர்வகுடிப் பெண் என்றாலே கம்பீரமான மௌனம் என்பது பழைய சினிமாப் பழக்கம். இங்கே அவள் பேசாததற்குக் காரணம் கூச்சமும் ஆசையும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் அடுத்த படம் எளிதாகும்.

அது 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்', 206 நிமிடம். மூலக் குரலிலேயே பாருங்கள். டப்பிங்கில் மோலி (கிளாட்ஸ்டன் ஏற்ற ஓசேஜ் பூர்வகுடிப் பெண்) ஆங்கிலத்திலிருந்து ஓசேஜ் மொழிக்குத் தாவும் இடங்கள் தொலைந்துபோகும். காரில் அவள் ஓசேஜில் சொல்லும் சில வரிகளுக்கு மொழிபெயர்ப்பு வராது. கோளாறு என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே விட்டது. கிளாட்ஸ்டன் ஓசேஜ் அல்ல, அந்த மொழியை இதற்காகக் கற்றார். மோலி படுக்கையில் விழுந்த பிறகு அவள் திரையில் எவ்வளவு குறைகிறாள் என்று கவனியுங்கள். அங்கே இடைவேளை விட்டால் அது தெரியாது. கதை மோலியின் வெள்ளைக்காரக் கணவன் எர்னெஸ்டின் பார்வையில் போவதாக, படத்தின் ஓசேஜ் மொழி ஆலோசகரான கிறிஸ்டோபர் கோட்டே வெளிப்படையாகக் குறைப்பட்டிருக்கிறார். எங்களுக்கும் அதே குறைதான்.

மூன்றாவது 'ஃபேன்சி டான்ஸ்' (2023). இயக்குநர் எரிக்கா டிரெம்ப்ளே, செனெகா-கயூகா இனத்தவர். கிளாட்ஸ்டன் ஏற்ற ஜாக்ஸ், காணாமல்போன தன் சகோதரியைத் தேடுகிறாள்; அந்தச் சகோதரியின் மகள் ரோக்கியையும் பார்த்துக்கொள்கிறாள். இவள் திருடுகிறாள், பொய் சொல்கிறாள். தாளில் மூன்றாவது கேள்விக்கு இங்கே தயங்காமல் அவள் பெயரை எழுதலாம்.