டர்பன் குளத்தில் பழகிவிட்டுக் கடற்பயிற்சிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கப்பல் வேலைக்கும் கடற்படைக்கும் விண்ணப்பிக்கிறார்கள். எல்லாரும் குளத்தில் நீந்தும் நேரத்தைக் குறைப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். எஸ்டிசிடபிள்யூ (கப்பல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச விதிமுறை) கேட்கும் உயிர்காப்புப் பயிற்சியோ உயரத்திலிருந்து குதிப்பது, லைஃப் ஜாக்கெட்டோடு நீந்துவது, அது இல்லாமலும் மிதப்பது, கவிழ்ந்த ராஃப்டை (காற்றடைத்த உயிர்காப்பு மிதவையை) நிமிர்த்துவது என்று போகும்.

ஃப்ரீஸ்டைல் மட்டும் பழகுவது முதல் தவறு. நனைந்த பாய்லர் சூட்டின் (உடல் முழுக்க மூடும் வேலை உடையின்) கையை ஒவ்வொரு வீச்சுக்கும் தண்ணீருக்கு மேலே தூக்கினால், அரைக் குளம் தாண்டுவதற்குள் தோள் விட்டுப்போகும். கை தண்ணீருக்குள்ளேயே இருக்கும் மார்பு நீச்சலும் பக்க நீச்சலும்தான் உதவும். குளத்துக் காவலரிடம் கேட்டுக்கொண்டு, துவைத்த முழுக்கைச் சட்டை, பேன்ட்டோடு மார்பளவு ஆழத்தில் தொடங்குங்கள்.

நின்ற இடத்தில் மிதக்க சைக்கிள் மிதிப்பதுபோல் உதைப்பது வீண் களைப்பு. மார்பு நீச்சல் உதையை வலது, இடது என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். 2 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 1 நிமிடம் கூட்டி, 10 நிமிடம் வரை கொண்டுபோங்கள். நார்த் பீச்சின் ரேச்சல் ஃபின்லேசன் குளத்தில் இருப்பது கடல்நீர். அது உடலைக் கொஞ்சம் கூடுதலாகவே தூக்கிக் கொடுக்கும். அங்கே மட்டும் பழகினால் நன்னீர்க் குளத்தில் கால் கனப்பதுபோல் இருக்கும்.

உயிரையே வாங்கும் தவறு ஒன்று உண்டு. நீருக்கடியில் நீந்துமுன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள். அதனால் உடலில் ஆக்சிஜன் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு முட்டும் எச்சரிக்கை வராமலே மயக்கம் வந்துவிடும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம், நீருக்கடியில் நீந்துவதைத் தனியாகப் பழகவும் வேண்டாம்.

குதிக்கும்போது பலர் கீழே பார்ப்பார்கள். தலை முன்னால் சாய, முகம் தண்ணீரில் அறையும். ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மற்றக் கையை அதன் மேல் குறுக்கே போட்டு ஜாக்கெட்டைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். இந்தப் பிடி தளர்ந்தால் ஜாக்கெட் மேலே ஏறித் தாடையில் இடிக்கும். கண் நேரே பார்க்க, ஓரடி எடுத்து வைத்து, கால்களைச் சேர்த்து இறங்குங்கள்.

ராஃப்டை நிமிர்த்த, வாயு சிலிண்டர் உள்ள பக்கத்தில் ஏறி, வாரைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். ராஃப்ட் மேலே விழுந்து மூடினால் மல்லாந்தபடியே கையால் தள்ளி வெளியே வாருங்கள். குப்புறத் திரும்பினால் ஜாக்கெட் முதுகை ராஃப்டின் அடியோடு ஒட்டவைத்துவிடும்.

டர்பன் கடல் வெதுவெதுப்பானது. கடற்படையின் அடிப்படைப் பயிற்சி நடக்கும் சல்டான்யா மேற்குக் கரையில் இருக்கிறது. அந்தக் கரையில் கடல் பல நாள் 15 டிகிரிக்குக் கீழே. அந்தக் குளிரில் விழுந்ததும் மூச்சு தானாக இரைக்கும். அப்போதே நீந்தத் தொடங்குகிறவர்கள்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். மல்லாந்து, வாயும் மூக்கும் மேலே இருக்க மிதந்து, மூச்சு சீரானபிறகு கையை வீசுங்கள். அதற்கு ஓரிரு நிமிடம் போதும்.