நாயோடு நடக்கப் போகையில் கையில் ஒரு குடை

சொத்தவிளை கடற்கரைப் பக்கம் காலையில் நம்ம நாயோடு நடந்தால், மீன் வாசத்துக்குச் சுற்றும் நாலைந்து நாய்கள் எதிரே வரும். அவிழ்த்துவிட்ட வீட்டு நாயும் அதில் உண்டு. கயிற்றை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நம்ம நாய்க்கும் பதற்றம் ஏறும். ஓடவும் வேண்டாம். எதிரே வரும் நாயின் கண்ணை முறைக்காமல், வளைந்து ஒதுங்குங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்கிற குமரியில் குடைக்கா பஞ்சம்? நெருங்கி வந்தால் அதன் முன்னால் படக்கென்று விரியுங்கள். பெரும்பாலும் தயங்கி நிற்கும். முதலில் வீட்டில் விரித்துப் பழக்குங்கள். என் நாய் முதல் தடவை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது!

பல் பட்டால், கீறலே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம்.