மட்டக்களப்பில் இரண்டு நாள்: எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது?

கல்யாணம், அலுவலக வேலை, கோயில் என்று இரண்டொரு நாளுக்கு மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நல்ல சாப்பாட்டுக்கடை எது?" இப்போதெல்லாம் நான் கடைப் பெயர் சொல்வதில்லை. சமையல்காரர் கட்டாருக்குப் போனால் அந்தக் கடையின் ருசியும் கூடவே விமானம் ஏறிவிடுகிறது. எந்தக் கடையையும் நீங்களே மட்டுக்கட்டிக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன், அதுதான் நாளைக்கும் உதவும்.

படி 1: எந்தப் பக்கம்?

ஊரை வாவி துண்டு துண்டாக வைத்திருக்கிறது. கோட்டை இருக்கிற புளியந்தீவும் அதை அடுத்த கோட்டைமுனையும் மதியச் சோற்றுக்கு நல்லது. அலுவலகக்காரர் நாளாந்தம் சாப்பிடுகிற கடைகள் அங்கேதான். கல்லடிப் பாலம் தாண்டினால் விடுதிகளும் கடற்கரையும். இரவுச் சாப்பாட்டை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி, மாட்டிறைச்சி வேண்டுமென்றால் தெற்கே ஆறு கிலோமீட்டர் அளவில் காத்தான்குடி. கல்முனைக்குப் போகிற பஸ் எதிலும் ஏறலாம், வீதி நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாகத் தெரிந்தால் இறங்கிவிடுங்கள்.

படி 2: மணிக்கூட்டைப் பாருங்கள்

வெளியூர்க்காரர் சிக்குவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் இடியாப்பம், பிட்டு, சொதி, சம்பல். ஆறரை முதல் ஒன்பது வரை எந்தக் கடையிலும் சூடாக இருக்கும். மதியச் சோறு பன்னிரண்டுக்குத் தயார். ஒன்றரை மணிக்கு மீன் பொரியல் தீரும், இரண்டுக்குக் கறிச்சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்கும். இரண்டரைக்குப் போய் நின்றால் "முடிஞ்சுது தம்பி" என்பார்கள். சரி, பிட்டாவது கிடைக்குமா என்றால் அதற்கு அடுப்பு மூட்டுவதே மாலை ஆறு மணியளவில்தான். பாசிக்குடாவில் குளித்துவிட்டுப் பசியோடு மூன்று மணிக்கு நகருக்குத் திரும்புகிறவர்கள் சரியாக இந்த இடைவெளிக்குள்தான் வந்து விழுகிறார்கள். அந்த நேரம் கண்ணில் பட்ட பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்து, காய்ந்த பிரைட் றைஸுக்கு மூன்று மடங்கு காசு கொடுத்துவிட்டு, "மட்டக்களப்பில் சாப்பாடு சரியில்லை" என்று ஊர் போய்ச் சொல்வார்கள்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, புறப்படும்போதே பார்சல் கட்டிக்கொள்வது. பன்னிரண்டு மணிக்குக் கடையில் நில்லுங்கள். குழம்பைத் தனிப் பையில் கட்டச் சொல்ல மறக்காதீர்கள். சோற்றின் மேலேயே ஊற்றிக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் களியாகிவிடும். பொரியலையும் பப்படத்தையும் பேப்பரில் சுற்றித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

மற்றது, தேத்தண்ணிக்கடை. மூன்று மணிக்கு ரோல்ஸ், கட்லட், உளுந்து வடை எல்லாம் எண்ணெயிலிருந்து இறங்கும் நேரம். நீங்கள் ஒரு ரோல்ஸ் கேட்டாலும் தட்டு நிறையக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பயப்பட வேண்டாம், எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுமே காசு. எழும்பும்போது பையன் தட்டில் மிச்சம் இருப்பதை எண்ணிக் கணக்குச் சொல்வான். ஆனால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து வைக்காதீர்கள், அதே தட்டுத்தான் அடுத்த மேசைக்கும் போகும். அதே காரணத்தால் நான் ஆறிப்போன தட்டிலிருந்து எடுப்பதில்லை, "இப்ப போட்டதில ரெண்டு தாங்க" என்று கேட்டு வாங்குவேன்.

இரவு ஆறரைக்குப் பிறகு கவலை இல்லை. அப்பம், இடியாப்பம், கொத்து. கொத்து ரொட்டி கிழக்கில் பிறந்தது என்று இங்கே எல்லாரும் உரிமை கொண்டாடுவார்கள், கல்லில் தகடு அடிக்கும் சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்பதரைக்குப் பிறகு தெரிவுகள் குறையத் தொடங்கும்.

படி 3: உள்ளே போய் என்ன கேட்பது?

மெனு கார்டைக் கேட்காதீர்கள். "இண்டைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். மீனின் பெயரோடு உடனே பதில் வந்தால் உட்காரலாம். "எல்லாம் இருக்கு" என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று, மழை. கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் குறைவாகவே போகும். அந்த நாட்களில் கடல் மீனுக்கு அடம்பிடிக்காமல் வாவி மீனும் வாவி இறாலும் கேளுங்கள்.

சோறு, பருப்பு, மரக்கறி, சொதி திரும்பக் கேட்டால் போடுவார்கள், அதற்குத் தனிக்காசு எடுப்பதில்லை. மீன், இறைச்சித் துண்டுக்குத்தான் கணக்கு.

படி 4: நண்டுக்கறி

மட்டக்களப்புக்கு வந்து நண்டுக்கறி சாப்பிடாமல் போக மனம் வராது. ஆனால் சாதாரண மதியக்கடையில் நல்ல நண்டு எப்போதும் இருக்காது. காலையிலேயே கடைக்கோ, நீங்கள் தங்கும் விடுதி அக்காவுக்கோ சொல்லிவையுங்கள், சந்தைக்குப் போகிறவர் வாங்கிவருவார். விடுதியில் சமைத்துத் தருவார்கள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் தெரிவுசெய்வேன். முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற வீட்டு நண்டுக்கறிக்குக் கடைக்கறி ஈடாகாது.

சொல்லும்போதே மூன்று கேள்வி: விலை கிலோவுக்கா, பிளேட்டுக்கா? ஒரு பிளேட்டில் எத்தனை நண்டு? சமையல் கூலி அதற்குள் அடங்குமா? மெனுவில் விலைக்குப் பதிலாகக் கோடு போட்டிருந்தால் வாய்விட்டுக் கேட்காமல் ஓடர் கொடுக்க வேண்டாம். பெரிய ஹோட்டல்களில் மெனு விலைக்கு மேல் சேவைக்கட்டணம் 10 வீதம், வட் வரி 18 வீதம் ஏறலாம். நாலாயிரம் என்று நினைத்த பில் ஐயாயிரத்தைத் தாண்டி வருவது இப்படித்தான்.

படி 5: தொலைபேசியை எதற்குப் பாவிப்பது?

எனக்குக் கூகுள் மேப்ஸ் ஒன்றே போதும், அதுவும் நட்சத்திரத்துக்காக அல்ல. விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திவிட்டு, ஆட்கள் போட்ட படங்களை மட்டும் பாருங்கள். மதியச் சோற்றுத் தட்டு கண்ணில் படுகிறதா, மேசையில் ஊர்க்காரர் இருக்கிறார்களா? திறக்கும் நேரம் என்று அதில் போட்டிருப்பதை நம்பாமல், இலக்கம் இருந்தால் ஒரு கோல் எடுத்துவிடுங்கள். ஓட்டோக்காரரிடம் "நல்ல கடை எது" என்று கேட்டால் உங்களை வெளியூராராக நினைத்துப் பெரிய ஹோட்டலில் இறக்கிவிடுவார். "அண்ணன், நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுறீங்க?" என்று கேளுங்கள். வேறு கடை வரும்.

பின்சேர்க்கை

வாசித்தவர்கள் சொன்ன பிறகு சேர்த்தவை இவை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கலப்புக் கடையில் சம்பல் எடுக்கும்போது கவனம். மாசிக் கருவாடு போட்டிருப்பார்கள், சில இடங்களில் பருப்பிலும் இருக்கும். "மரக்கறிச் சாப்பாடு" என்று கேட்டாலும் அது தட்டில் வந்துவிடும், "மாசி போடாததா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். பேசாமல் சைவக்கடைக்குப் போய்விடுவது நிம்மதி. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் அங்கே கூட்டம், முன்னதாகப் போங்கள்.

காத்தான்குடிக்கு வெள்ளி மதியம் போகாதீர்கள். ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கவே அப்படித்தான், ஆனால் இரவில் தெரு களைகட்டும்.

தயிர் பற்றியும் கேட்டிருந்தார்கள். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் மாடு, எருமை அதிகம், சட்டித் தயிர் பேர்போனது. எருமைத் தயிரா என்று கேட்டு, சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாமல் நிற்கும். ரயிலில் கொண்டுபோவதென்றால் புறப்படுகிற நாள்தான் வாங்க வேண்டும். மேலே கட்டியிருக்கிற பேப்பரை நம்பாமல் சட்டியை ஒரு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, இருக்கைக்குக் கீழே காலுக்கு இடையில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் கீழே இருப்பவர் சட்டையில்தான் முடியும்.