புண்ணிய மீட்டர் வேண்டாம்: கேமில் அறத் தேர்வு வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ரோல்பிளேயிங் கேம் (ஒரு கதாபாத்திரமாகவே இருந்து முடிவெடுத்து ஆடும் வீடியோ கேம்) செய்துகொண்டிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளம்தான் களம். காசிமேட்டிலிருந்து சைதாப்பேட்டைக்குப் படகோடு வந்த மீனவர்தான் நாயகன். முதல் வடிவத்தில் ஒருவரைப் படகில் ஏற்றினால் திரையின் மூலையில் ‘புண்ணியம் 10’ என்று வரும். விளையாடிப் பார்க்க வந்த கல்லூரித் தம்பி பத்தே நிமிடத்தில் கேட்டான்: “அண்ணா, பாட்டிய ஏத்துனா எவ்வளவு, குழந்தைய ஏத்துனா எவ்வளவு?”

அன்றைக்கே மீட்டரைத் தூக்கிவிட்டோம். எண் கண்ணில் பட்டால் மனசு கூட்டல் கழித்தலில்தான் இறங்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2010-இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2-இல் பாராகன் (நல்லவர்), ரெனகேட் (முரடர்) என்று இரண்டு கணக்குகள். முக்கியமான சில வசனங்கள் திறக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றில் நிறையச் சேர்த்திருக்க வேண்டும். ஆளையும் இடத்தையும் பார்த்து நடந்துகொள்கிறவருக்கு ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் கதிதான். அதனால் பலர் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை அந்தப் பக்கத்து வசனத்தையே அழுத்துகிறார்கள். அத்தனை கிளைகள் எழுதியும் ஆட்டக்காரர் முடிவெடுத்தது ஒரே ஒரு முறை.

அடுத்தது, நல்லது செய்ய விலையே இல்லாமல் விடுவது. பயோஷாக் (2007) சுடும் விளையாட்டுதான், ஆனாலும் இதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வழியில் எதிர்ப்படும் சிறுமியைக் கொன்றால் 160 ஆடம் (சக்திகள் வாங்க உதவும் பொருள்), காப்பாற்றினால் 80. கேட்கும்போது கனமாக இருக்கிறது. ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றினால் 200 ஆடம் பரிசாக வந்துவிடும். கூட்டிப் பாருங்கள்: கொன்றவருக்கு 480, காப்பாற்றியவருக்கு 440. இந்த நாற்பதுக்காக யார் தவிக்கப் போகிறார்கள்?

1985-இலேயே அல்டிமா 4 இதை அழகாகச் செய்திருக்கிறது. மூலிகை விற்கும் பெண்மணிக்குப் பார்வை கிடையாது. எவ்வளவு காசு வைக்கிறோம் என்பது நம் கையில். குறைத்து வைத்தாலும் திரையில் எந்தப் புண்ணியக் கணக்கும் வராது, ஆனால் உள்ளே நேர்மை குறையும். நாற்பது ஆண்டுகளாகியும் நான் இதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளத்தின்போது சில இடங்களில் பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றது. எங்கள் நாயகனிடம் இருப்பதே ஒரு நூறு ரூபாய். படகிலிருக்கும் கைக்குழந்தைக்குப் பாலா, இன்னொரு நடை போக டீசலா?

புனிதர் அல்லது அரக்கன் என்று இரண்டே வழி வைப்பதும் வேண்டாம். ஃபால்அவுட் 3-இல் (2008) ஒரு ஊரையே அணுகுண்டால் அழிக்கலாம். அப்புறம் பிச்சை கேட்பவருக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்தே கர்மாவை, அதாவது அந்த கேமின் புண்ணியக் கணக்கை, ஏற்றிக்கொள்ளலாம். அது எனக்கு ஒப்பவில்லை.

விளைவை உடனே காட்டினால் ஆட்டக்காரர் முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்கே திரும்பி ஓடி, முடிவை மாற்றிவிடுவார். தி விட்சரின் முதல் பாகத்தில் (2007) ஆரம்பத்தில் கைமாற்றிவிடும் சரக்கு, பல மணி நேரம் கழித்து ஒருவர் உயிரைப் பறிக்கிறது. அத்தனை தூரம் திரும்பிப்போக யாருக்கும் மனம் வராது.

போன வாரம் அதே தம்பி மறுபடி விளையாடினான். படகு நிறைந்துவிட்டது, மொட்டைமாடியில் ஒரு பாட்டி மட்டும் பாக்கி. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, “திரும்பி வர்ற வரைக்கும் இருப்பாங்களாண்ணா?” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.