கடலோரச் சிறுநகரில் குடியேறும் நெல்லைக்காரர்களுக்கு

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு, அமெரிக்காவுக்குப் புறப்படும் முன்பு விவரம் கேட்பதற்காக வரும் குடும்பங்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே இருக்கின்றன. அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்தும் வரும் அவர்கள், பெட்டியின் எடையைக் கேட்கிறார்கள். இட்லி அரிசி அங்கே கிடைக்குமா, அம்மா இடித்துக் கொடுத்த மிளகாய்ப்பொடியைக் கொண்டுபோகலாமா, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் கேட்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கே போவது, யாரோடு பேசுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் என்னும் சிறிய கடற்கரை நகரத்தில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில், புது ஊர் ஒரு மனிதரை வாட்டுவது அந்தச் சாயங்கால வேளையில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆகவே கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் நகராட்சி என்றால் குடிநீர், குப்பை, தெருவிளக்கு, வீட்டு வரி. கொண்டாட்டமும் கூடுகையும் வேறிடத்திலிருந்து வருகின்றன: நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டம், தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா, தெரு இளைஞர்கள் நடத்தும் கபடிப் போட்டி, ஆற்றங்கரைப் படித்துறை. அமெரிக்கச் சிறுநகரங்களில் இந்த வேலையின் பெரும்பகுதியை நகராட்சியே ஒரு தனித்துறை வைத்து நடத்துகிறது. பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் என்று அதற்குப் பெயர். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது, முதியோருக்கு உடற்பயிற்சி வகுப்பு, பெரியவர்களுக்கு மண்பாண்டம் வனையவும் ஓவியம் தீட்டவும் பயிற்சி, விளையாட்டு அணிகள், கோடை முகாம்கள், பூங்காவில் இசை நிகழ்ச்சி, மண்டபங்களை வாடகைக்கு விடுவது ஆகிய அனைத்தும் அந்தத் துறையின் பொறுப்பு. குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று எண்ணி நம்மவர்கள் ஒதுங்கி நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த எண்ணம் தவறு. அந்த நகர எல்லைக்குள் குடியிருந்தாலே நீங்கள் அந்த ஊர்க்காரர். விசா எந்த வகை என்று நீச்சல் வகுப்பில் ஒருவரும் கேட்பதில்லை.

ஊர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரருக்குச் சற்றுக் கூடுதலான கட்டணம் என்பது பெரும்பாலான நகரங்களில் உள்ள நடைமுறை. சில நகரங்களில் ஊர்க்காரர்கள் சில நாட்கள் முன்னதாகவே பதிவு செய்துகொள்ளவும் முடியும். அதற்கு உங்கள் பெயரும் முகவரியும் உள்ள வாடகை ஒப்பந்தமோ மின்கட்டணச் சீட்டோ போதுமானது. வாடகை ஒப்பந்தத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்து மனைவி பெயர் விடுபட்டுப்போவது நம்மிடையே வழக்கமாக நடக்கிறது. இருவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நூலக அட்டை எடுப்பதற்கும் அதுவே உதவும்.

பருவத்துக்கு ஒரு முறை அந்தத் துறை நிகழ்ச்சிக் கையேடு ஒன்றை வெளியிடும். அதில் வகுப்பின் பெயர், வயது, இடம், கட்டணம், பதிவு தொடங்கும் நாள், மணி ஆகிய அனைத்தும் இருக்கும். அந்தக் கடைசி விவரம்தான் முக்கியமானது. சிறுவர் நீச்சலும் கோடை முகாமும் பதிவு தொடங்கிய சற்று நேரத்திலேயே நிரம்பிவிடும். எங்கள் முதல் ஆண்டில், பள்ளி ஜூன் மாதம்தான் மூடுகிறது என்பதால் மே மாதம் நிதானமாகக் கையேட்டைத் திறந்து பார்த்தோம். எங்கள் மகன் வயதுக்குரிய முகாம்களில் ஓர் இடம்கூட மிச்சமில்லை. பத்து வாரத்துக்கு மேல் நீளும் விடுமுறையில், தாத்தா பாட்டி இல்லாத வீட்டில், இருவரும் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய இக்கட்டு என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆகவே குளிர்காலம் முடியும் முன்பே பதிவு நாளைக் குறித்து வைத்து, கணக்கை முன்கூட்டியே தொடங்கி, பிள்ளையின் பிறந்த தேதி, தடுப்பூசி விவரம், உணவு ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இருவரின் எண் ஆகியவற்றை நிரப்பி வைத்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள், பலர் பின்வாங்குவார்கள். கட்டணம் கட்ட இயலாத குடும்பங்களுக்குச் சலுகை தரும் நகரங்கள் பல உண்டு, அதைக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இனிக் கடல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். திருச்செந்தூரில் கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தவர்களுக்கு, சாண்டா குரூஸின் முதன்மைக் கடற்கரை தெற்கு நோக்கி இருப்பதே திசை குழப்பும். தண்ணீர் அதைவிடப் பெரிய வேறுபாடு. ஆண்டின் பெரும்பகுதி 11 முதல் 15 பாகை செல்சியஸ் வரைதான் இருக்கும். நம் கடலில் இறங்குவதுபோல நினைத்த நேரத்தில் இறங்கினால் மூச்சே திணறிப் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. குளிர்காலத்தில், அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென்று ஓர் அலை கரையில் வெகுதூரம் ஏறிவந்து ஆளை அடித்துச் செல்லும். அங்குள்ளோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், கடலுக்கு முதுகு காட்டாதே என்பது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேறிய பிறகே திரும்ப வேண்டும். கோடையில் முக்கியமான கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். மற்ற மாதங்களில் பல இடங்களில் இருக்க மாட்டார்கள்.

இதற்காகவே அந்த நகரம் கோடையில் சிறுவர்களுக்கு ஜூனியர் கார்ட்ஸ் என்ற கடற்பயிற்சியை நடத்துகிறது. சேர்வதற்கு முன் நீச்சல் தேர்வு உண்டு. தாமிரபரணியில் தாத்தா இடுப்பைப் பிடித்து நீந்தப் பழகிய நம் தலைமுறை போலன்றி, நம் பிள்ளைகள் பெரும்பாலும் நீச்சல் தெரியாமலே வந்து சேர்கிறார்கள்; முதல் ஆண்டு நகராட்சிக் குளத்தில் பழக்கி, மறு ஆண்டு கடற்பயிற்சியில் சேர்ப்பது சரியான வரிசை.

கலிபோர்னியாவில், கடல் ஏற்றத்தின்போது நீர் தொடும் சராசரிக் கோட்டுக்குக் கடல் பக்கம் உள்ள நிலம் பொதுமக்களுக்கு உரியது. கரையோரம் எவ்வளவு பெரிய பங்களா நின்றாலும் ஈர மணலில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. 1972 இல் மக்கள் வாக்கெடுப்பால் உருவான கடற்கரை ஆணையமும் 1976 இல் வந்த கடற்கரைச் சட்டமும் அந்த உரிமையைக் காக்கின்றன. மீன்பிடிப்பில் விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி: கரையிலிருந்து தூண்டில் போட 16 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும், கடலுக்குள் நீண்டு நிற்கும் சாண்டா குரூஸின் மரப்பாலம் போன்ற பொதுப் பாலங்களில் அது தேவையில்லை. 1914 இல் கட்டப்பட்ட அந்தப் பாலம் அரை மைல் நீளமுடையது. அதன் அடிக்கட்டைகளில் கடற்சிங்கங்கள் படுத்துக் கத்துவதைக் கேட்பதற்கே போகலாம். 2024 டிசம்பரில் புயலலையில் அதன் கடல்முனைப் பகுதி இடிந்து விழுந்தது. உவரி, மணப்பாடு பக்கத்தவர்கள் பாறையில் சிப்பியைப் பார்த்ததும் பறிக்கக் கை நீட்டுவார்கள். மே 1 முதல் அக்டோபர் 31 வரை அதைப் பறித்து உண்பதற்கு அம்மாநிலம் ஆண்டுதோறும் தடை விதிக்கிறது. அதில் சேரும் நஞ்சு, எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

பெற்றோரைப் பற்றி எழுதாமல் இந்த வழிகாட்டி முழுமையாகாது. ஆறு மாதத்துக்கு வரும் தாய் தந்தையர், மகனும் மருமகளும் அலுவலகம் போனபின் சன்னலோரம் அமர்ந்து யாரும் நடக்காத தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்பாசமுத்திரத்தில் விடியற்காலையில் ஆற்றுக்குப் போய்ப் பத்துப் பேரோடு பேசிவிட்டு வரும் என் அம்மா, வந்த முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தார்கள். நாள் எண்ணத் தொடங்கினார்கள். பிறகு நகராட்சியின் பொதுக்கூடமான கம்யூனிட்டி சென்டரில், நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் முதியோர் யோகா வகுப்பில் சேர்த்துவிட்டேன். மொழி ஒரு தடையாகவே இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார்கள், பக்கத்து நாற்காலிக்காரப் பாட்டி சிரித்தால் சிரித்தார்கள். மூன்றாவது வாரம், அவர்களே சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு போனார்கள். முட்டிவலி உள்ளவர்களுக்கு வெந்நீர்க் குளத்தில் நடத்தும் நீர்ப்பயிற்சி மிகவும் நல்லது. சேலையோடு இறங்க விடமாட்டார்கள், ஆனால் உடலை முழுவதும் மூடும் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது.

சாண்டா குரூஸின் அந்தக் கம்யூனிட்டி சென்டருக்கு லண்டன் நெல்சன் என்று பெயர். அடிமையாகப் பிறந்து, தங்கம் தேடி மக்கள் திரண்ட காலத்தில் கலிபோர்னியா வந்து, 1860 இல் இறக்கும்போது தம்மிடமிருந்ததை அவ்வூர்ப் பள்ளிக்கு எழுதிவைத்த ஒரு கறுப்பின மனிதரின் பெயர் அது. நெடுங்காலம் பிழையாக எழுதப்பட்டுவந்த அந்தப் பெயரை 2021 இல் திருத்தினார்கள்.

பொங்கலுக்கோ பிள்ளையின் பிறந்தநாளுக்கோ மண்டபமும் பூங்காவும் வாடகைக்குக் கிடைக்கும். விண்ணப்பம், முன்பணம், சில சமயம் காப்பீட்டுச் சான்று ஆகியவை கேட்பார்கள். குறித்த நேரத்துக்குள் துடைத்துப் பெருக்கி வெளியேறுவதும் வாடகை நேரத்தில் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றலாமா, ஒலிபெருக்கி வைக்கலாமா என்று முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் பானையை, அடுப்பு வைக்க அனுமதித்த இடத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும். காட்டுத்தீ அம்மாநிலத்தின் பெரும் துயரம். சாண்டா குரூஸில் எவ்வகைப் பட்டாசுக்கும் அனுமதியில்லை, தீபாவளிக்கும் அப்படியே. ஊர் நடுவே ஓடிக் கடலில் சேரும் சான் லொரென்சோ ஆற்றைப் பார்த்ததும் நமக்குப் பொருநை நினைவுக்கு வரும். அதற்காகப் பூவையும் மாலையையும் பழைய துணியையும் அதில் விடக் கூடாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கியவர்கள், திரும்பும்போது காட்டில் எவ்வளவு குப்பை கிடக்கும் என்பதைக் கண்டிருப்பார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம் தருகிறது. கொண்டுபோனதை எல்லாம் திருப்பிக் கொண்டுவருவது அங்கே வெறும் விதியாக இல்லை, ஊராரின் பழக்கமாகவே இருக்கிறது.

திருவிழாக்களும் உண்டு. ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று சாண்டா குரூஸ் பாலத்திலிருந்து பக்கத்து ஊரான கேபிடோலா பாலம் வரை 6 மைல் ஓட்டம் நடக்கிறது. 1973 இல் தொடங்கியது. வழிநெடுக இசைக் குழுக்கள் வாசிக்க, ஊரே தெருவில் நின்று கைதட்டும். ஓட முடியாதவர்கள் நின்று கைதட்டவாவது போக வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழும் அதே ஜூன், ஜூலையில் அங்கே கடற்பனி மூடிக் குளிரும் என்பதால், கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை, நேச்சுரல் பிரிட்ஜஸ் மாநிலக் கடற்கரையின் யூகலிப்டஸ் தோப்பில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கொத்துக்கொத்தாகத் தங்கும். கூந்தன்குளத்துப் பறவைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

சார்பு விசாவில் வந்து, வேலை அனுமதி இல்லாமல் வீட்டிலிருக்கும் பெண்கள் பலர் இந்தத் துறையின் தன்னார்வப் பணிகளில் சேர விரும்புகிறார்கள். கடற்கரை துப்புரவு, மரம் நடுதல் போன்றவை நல்ல தொடக்கம்; வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் சம்பளமின்றிச் செய்வது விசா விதிகளில் சிக்கலை உண்டாக்கக்கூடும் என்பதால், அத்தகைய பணியை ஏற்கும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பூங்காக்களைப் பற்றி நகர மன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் குடிமக்கள் குழு ஒன்று உண்டு. அதன் கூட்டம் திறந்த கூட்டம். கலிபோர்னியாவில் 1953 இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். பேசுபவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பேட்மிண்டனுக்கு மாலை நேரம் வேண்டும், கிரிக்கெட்டுக்கு ஒரு மைதானம் வேண்டும், முதியோர் அமர நிழலில் இருக்கை வேண்டும் என்றால் நம் வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதைவிட அங்கே எழுந்து நின்று சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, எத்தனை குடும்பங்கள், எந்தக் கிழமை, எந்த நேரம் என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.