பர்கர் கடை ஏறி இறங்கும்போது

நியூயார்க்கில் ஒரே நாளில் மூன்று கடை பர்கரை ருசி பார்ப்பதென்றால், எல்லாக் கடையிலும் சாதாரண சீஸ் பர்கரையே வாங்குங்கள். சாஸ் தனிக் கிண்ணத்தில். ஃப்ரைஸ் வேண்டாம், வயிறு அதிலேயே நிரம்பிவிடும். இரண்டாக வெட்டித் தரச் சொல்லி இருவர் பகிரலாம். பேக்கனும் வெங்காய ஜாமும் சேர்ந்தால் கறியின் ருசி அமுங்கிவிடும், ஒப்பிடவே முடியாது. சாஸ் தடவாத பன் சீக்கிரம் ஊறிப் பிய்யாது. வெட்டிய முகத்தைப் பார்த்தாலே கறி உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கார்னர் பிஸ்ட்ரோ போல் தடித்த கறி வைக்கும் கடைகளுக்கே இந்த வெட்டு சரி. ஷேக் ஷாக் பாணியில் கல்லில் அழுத்திச் சுட்ட மெல்லிய கறி வெட்டினால் சட்டென ஆறி, ஓர மொறுமொறுப்பும் போய்விடும். அதை முழுசாக, சுடச்சுட, ஆளுக்கு ஒரு கடியாகத் தின்னுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உடன் இருந்தால் உள்ளே அரைகுறையாக வெந்த ‘மீடியம்’ பதம் வேண்டாம். நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள், உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும்.